புளியில் குளித்த தோட்டாக் கோது

எங்கள் லயத்துப் பிள்ளைகள் விசிலுக்காகக் கடைப்பக்கம் போனதில்லை. மேல்மலைக் காட்டோரத்தில் பன்றி விரட்டத் துவக்கோடு போய் இரவெல்லாம் விழித்திருக்கும் வாச்சர், விடிந்து இறங்கி வரும்போது சட்டைப் பையைத் துழாவி வெற்றுத் தோட்டாக் கோது ஒன்றைக் கையில் போடுவார். சிவப்புக் காகித உடம்பு, மஞ்சள் உலோக அடி, கட்டைவிரல் பருமன். அதைக் கீழுதட்டில் நிறுத்தி விளிம்புக்குக் குறுக்காக ஊதினால் எதிர்மலை லயத்துக்கும் கேட்கும்படி கீச்சென்று சத்தம் கிளம்பும். ஒரு பக்கம் மூடிய குழாயில் எழும் அடிப்படைச் சுரத்தின் அலைநீளம் குழாயின் நீளத்தைப்போல நான்கு மடங்கு. கோதின் உட்குழி ஆறு சென்டிமீட்டர் என்றால் அலைநீளம் 24 சென்டிமீட்டர். செக்கனுக்குச் சுமார் 1,400 அதிர்வுகள். காதைத் துளைக்க அது போதும்.

அம்மாயிக்கு அந்தச் சத்தம் ஆகாது. "வாயில வைக்காதடா அத, வெடி நாத்தம் அடிக்குது" என்று திட்டுவார். கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள், இஸ்தோப்பில் குத்துவிளக்கைக் கழற்றிப் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த இரண்டு கோதுகளையும் பிடுங்கிப் புளிக் கரைசல் சட்டிக்குள் போட்டுவிட்டார். ஒன்றைச் சில நிமிடத்தில் எடுத்துத் தேய்த்தார். அடிப்பாகம் விளக்கோடு போட்டி போட்டது. மற்றது சட்டியின் அடியில் மறந்துபோய், மறுநாள் காலையில்தான் கைக்கு அகப்பட்டது. காகிதம் ஊறி உப்பி உரிந்திருந்தது. மிஞ்சிய உலோகக் கிண்ணம் மஞ்சளாக இல்லை. கைக்குழந்தையின் நகம்போல இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்கு அதுதான் அழகாகத் தெரிந்தது. அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, மற்றதை ஊதித் திரிந்தேன்.

சுட்ட தோட்டாவின் கோதைக் கழுவித் துடைத்து மறுபடி நிரப்புவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. களிமண் தட்டுகளை வானில் வீசிச் சுடும் விளையாட்டுக்காரர்கள் ஒரே கோதைப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கோதைக் கழுவும்போது எழும் கேள்வி அம்மாயிக்கும் தெரிந்த கேள்வி. அழுக்குப் போக வேண்டும், உலோகம் போகக்கூடாது. அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

கோதுக்குள் என்ன இருந்தது

மலையகத்துக்கு முதலில் வந்த வேட்டைத் துவக்குகளுக்குக் கோதே கிடையாது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்து, நுவரெலியாவில் புதைக்கப்பட்ட மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர், தன் இலங்கை வேட்டைகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இருவருடைய துவக்குகளும் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வகை. பின்பக்கம் திறந்து தோட்டாவை நுழைக்கும் துவக்குகள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் பரவின. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்டதும், 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டதும் இதே காலம். தேயிலையும் தோட்டாக் கோதும் இந்த மலைகளில் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் ஏறின என்று சொல்லலாம்.

துரைமார் பங்களாக்களில் இருந்தவை பெரும்பாலும் 12 துளைத் துவக்குகள். அந்த 12 ஒரு பழைய கணக்கு. ஒரு பவுண்டு காரீயத்தை 12 சம குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அதுவே குழலின் உள்விட்டம். இன்றைய அளவில் சுமார் 18.5 மில்லிமீட்டர். கோதின் அடியில் நடுவே ஒரு சிறு மூடி. ஊசி தட்டினால் பொறி தருவது அதுதான். அதற்குமேல் மருந்து, அதற்குமேல் தக்கை, அதற்குமேல் காரீயச் சன்னங்கள், வாயை மடித்து மூடிய விளிம்பு. உடம்பு முழுதும் பித்தளையாலான கோதுகளும் இருந்தன. மெழுகேற்றிய காகிதக் கோதுகளே அதிகம். 1960இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் கோதைக் கொண்டுவந்தது. அதன் பிறகு காகிதம் மெல்ல மறைந்தது.

அடிப்பாகத்துக்கு ஏன் பித்தளை? வெடித்த கணத்தில் கோது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, பின்பக்கமாக வாயு கசியாமல் அடைக்க வேண்டும். அழுத்தம் தணிந்ததும் சுருங்கி, விரலால் உருவினால் வரும்படி விட்டுக்கொடுக்க வேண்டும். விரிந்து சுருங்கும் இந்த நெகிழ்ச்சியோடு, தட்டையான தகட்டிலிருந்து கிழியாமல் கிண்ணமாக இழுபடும் இயல்பும் வேண்டும். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் (தமிழகத்தில் இதைத் துத்தநாகம் என்பார்கள்) கலந்த பித்தளை இரண்டுக்கும் பொருந்தியது. உலோகவியலார் அந்தக் கலவைக்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக் குத்துவிளக்கின் வார்ப்புப் பித்தளையில் நாகம் பொதுவாக இன்னும் கூடுதல். கடைவதற்கு இலகுவாகக் கொஞ்சம் காரீயமும் சேர்ந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிமருந்தைத் தொடுவது 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்துக்கும் உட்பட்டவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் தோட்டா நிரப்புவது குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை நிரப்பும் இடத்துக்குப் போகாது. கழுவும் சட்டியோடு நின்றுகொள்ளும். கழுவுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அடி மூடியில் ஊசி குத்திய பள்ளம் இல்லாவிட்டால் அது வெற்றுக் கோது இல்லை. பள்ளம் இருந்தும் வாய் மடிப்பு விரியாவிட்டால் அது வெடிக்கத் தவறிய தோட்டா. இரண்டையும் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல், பிரித்துப் பார்க்காமல், பொலிசில் ஒப்படைப்பதுதான் வழி.

அழுக்கில் நாலு வகை

சுட்ட கோதைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே கருப்பாகத் தெரியும். ஆனால் அதில் நான்கு வேறு சரக்குகள் இருக்கின்றன. நான்குக்கும் நான்கு குணம்.

முதலாவது மருந்தின் எச்சம். பழைய கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திண்மமாகவே தங்கிவிடும். அதில் பெரும்பங்கு பொட்டாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு. இவை தண்ணீரில் கரையும் உப்புகள். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஈரத்தில் சல்பைட்டிலிருந்து ஐதரசன் சல்பைட்டு எழும். அம்மாயி திட்டிய "வெடி நாத்தம்" இந்தக் கூமுட்டை வாடைதான். பிற்காலத்துப் புகையில்லா மருந்து, நைத்திரோசெலுலோசு, பெரும்பாலும் வாயுவாகிவிடும்; கொஞ்சம் கரியையும் பிசினையும் மட்டும் விட்டுச்செல்லும்.

இரண்டாவது அடி மூடியின் எச்சம். பழைய மூடிகளில் இரச பல்மினேற்று இருந்தது. வெடிக்கும்போது விடுபடும் பாதரசம் பித்தளையோடு கூடி அதை நொறுங்கவைத்தது. அப்படிப்பட்ட கோதை எவ்வளவு தேய்த்தாலும் பழைய பலம் வராது. கூடவே இருந்த பொட்டாசியம் குளோரேற்று, சமையலுப்புக்கு நெருங்கிய உறவான பொட்டாசியம் குளோரைட்டாக மாறித் துவக்குக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் தொடங்கி, இவற்றுக்குப் பதில் காரீயச் சேர்வைகள் வந்தன. குழல் தப்பியது. கோதில் தங்கும் தூளில் காரீயம் சேர்ந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவேன்.

மூன்றாவது பித்தளையின் சொந்த மங்கல். செம்பு ஒட்சிசனோடு கூடிச் சிவந்த ஒட்சைட்டும் கறுத்த ஒட்சைட்டும் ஆகிறது. மிக மெல்லிய இந்தப் படலம் உண்மையில் அடியிலுள்ள உலோகத்துக்கு ஒரு போர்வை. நான்காவது பச்சைக் களிம்பு. ஈரமும் கரியமில வாயுவும் உப்பும் சேர்ந்து செம்பை அரிக்கும்போது விளைவது. மங்கல் மேலோடு நிற்கும். களிம்பு குழிபறிக்கும். களிம்பைத் துடைத்த இடத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் தெரிந்தால் உலோகம் அங்கே மெலிந்துவிட்டது என்று பொருள்.

சாம்பல் முதலில், புளி பிறகு

அம்மாயி விளக்கை நேரே புளியில் போட்டதில்லை. முதலில் அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எரிந்த சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று உண்டு, அது காரம். காரம் எண்ணெயோடு கூடி ஒருவகைச் சவர்க்காரமாகும். எண்ணெய்ப் படலம் கிடக்கும்போது அமிலம் ஒட்சைட்டை எட்டாது. புளி திட்டுத்திட்டாகத்தான் வேலை செய்யும். பிசுக்கு முதலில், ஒட்சைட்டு இரண்டாவது, அலசல் மூன்றாவது, உலர்த்தல் நான்காவது என்பது உலோகத் தொழிற்சாலைகளின் அமிலக் குளியல் வரிசையும்தான். அந்த வரிசை எங்கள் இஸ்தோப்பிலும் நடந்தது.

கோதுக்கும் முதல் தேவை சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். மருந்தின் உப்புகள் பாதி அதிலேயே கரைந்துவிடும். பலர் இங்கே அவசரப்பட்டு நேராக அமிலத்துக்குப் போகிறார்கள். அப்படிச் செய்தால் உப்புகளும் அமிலமும் ஒரே சட்டியில் கலந்து, வேண்டாத அரிப்பைத் தொடக்கிவைக்கும்.

அடுத்தது புளி. புளியம்பழச் சதையின் புளிப்புக்குக் காரணம் தார்த்தாரிக் அமிலம். தேசிக்காயில் இருப்பது சித்திரிக் அமிலம். மீன் குழம்புக்குப் போடும் கொறக்காப்புளியில் அதன் ஒன்றுவிட்ட உறவான ஐதரொக்சி சித்திரிக் அமிலம். மூன்றும் மென் அமிலங்கள். மூன்றுக்கும் ஒரு தனித்திறமை உண்டு. வெறுமனே ஒட்சைட்டைக் கரைப்பதோடு நில்லாமல், கரைந்த செம்பு அயனை நண்டுக் கொடுக்குப்போல இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். கவ்வப்பட்ட செம்பு மறுபடி உலோகத்தின்மேல் படியாமல் தண்ணீரோடு போய்விடும். வெளிநாட்டில் கோது கழுவுகிறவர்கள் சித்திரிக் அமிலப் பொடியைச் சிறிதளவு தண்ணீரில் இட்டு, உருளும் பீப்பாய்க்குள் கோதுகளோடு சுழற்றுவதும் இதே காரணத்தால்தான்.

ஒட்சைட்டு தீர்ந்த பிறகும் அமிலம் சும்மா இருக்காது. பித்தளையில் இரண்டு உலோகங்களில் நாகமே முதலில் விட்டுக்கொடுக்கும். அது மெல்ல மெல்லக் கரைசலுக்குள் இறங்க, செம்பு மட்டும் மேற்பரப்பில் பஞ்சுபோல மிஞ்சும். என் சட்டைப் பையில் இருந்த இளஞ்சிவப்புக் கிண்ணத்தின் கதை அதுதான். நான் அழகென்று நினைத்தது நாகம் இழந்த பித்தளையின் நிறம். பார்வைக்கு உருவம் மாறாமல் இருக்கும். அந்த மேல்தோலுக்குள் பலம் குறைந்திருக்கும். ஆகவே புளிக்குளியலுக்குச் சில நிமிடங்கள் போதும். மஞ்சள் தெளியும் கணத்தில் எடுத்துவிட வேண்டும். நிறம் சிவப்புப் பக்கம் சாயத் தொடங்கினால் எல்லை தாண்டியாயிற்று.

புளியோடு உப்புச் சேர்த்தால் சீக்கிரம் மின்னும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், குளோரைட்டு அயன் அரிப்பை விரைவுபடுத்தும். வழவழப்பான விளக்குத் தண்டை நன்றாக அலசிவிடலாம். கோதில் காகிதமும் உலோகமும் சேரும் மடிப்பு இருக்கிறது. அந்த இடுக்கில் நுழைந்த உப்பு வெளியே வராது. ஈரத்தை இழுத்து இழுத்து, மாதக்கணக்கில் பச்சைக் களிம்பை வளர்க்கும். பழைய செப்புக் காசுகளையும் சிலைகளையும் பாதுகாக்கும் அருங்காட்சியகக்காரர்கள் அஞ்சுவதும் இந்தக் குளோரைட்டுக்குத்தான்.

மஞ்சளெல்லாம் பித்தளையா?

இப்போது கிடைக்கும் கோதுகளில் பலவற்றின் அடிப்பாகம் பித்தளையே இல்லை. மெல்லிய உருக்குத் தகட்டுக்குப் பித்தளை முலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. உடைந்த றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். 'டக்' என்று ஒட்டினால் உள்ளே இரும்பு.

தேயிலை நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சோதனையும் கைவசம் இருக்கிறது. முலாம் கீறப்பட்ட அடிப்பாகம் ஒன்றை ஆறிப்போன சாயத்தண்ணியில் ஓரிரவு போட்டுவையுங்கள். சாயம், பாத்திரம் இரண்டையும் பிறகு நஞ்சுக் கழிவாகவே கருதுங்கள்; காரணம் கடைசியில் வரும். கீறலைச் சுற்றி மைபோலக் கறுத்த வளையம் படரும். தேயிலையிலுள்ள தனின் வகைச் சேர்வைகள் இரும்போடும் ஒட்சிசனோடும் கூடிய கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் காய்ச்சிய எழுதுமை இதே வேதியியல். வெட்டுக்கத்தியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுப்பது மலையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

காந்தம் ஒட்டிய கோதுக்குப் புளி எமன். முலாம் மயிரிழையிலும் மெல்லியது. அமிலம் அதைச் சில நிமிடத்தில் ஊடுருவி இரும்பைத் திறந்துவிடும். மறுநாள் செந்துரு பூக்கும். இந்த வகைக்குச் சவர்க்காரத் தண்ணீரும் துணியும் மட்டுமே. பிளாஸ்டிக் உடம்பு பொலிஎத்திலீன். அதற்கு மினுக்கம் தேவையே இல்லை. அதில் பார்க்கவேண்டியது வாய் மடிப்பு. மடிந்து விரிந்து மடிந்து விரிந்து, மடிப்புக் கோடுகளில் வெளிறிய கீறல்கள் விழுந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காகிதக் கோதைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது என்பதை அம்மாயியின் சட்டியே எனக்குக் காட்டியிருந்தது.

குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை

பித்தளையின் மிக விசித்திரமான நோயைக் கண்டுபிடித்தது நம் பக்கத்து மழைக்காலம்தான். 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் ஆங்கிலேயப் படைகள் மழைக்காலத்தில் வேலை குறைந்தபோது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத, சுடாத தோட்டாக்களின் பித்தளை நீளவாக்கில் கீறியிருந்தது. துருவும் இல்லை, களிம்பும் பெரிதாக இல்லை. மழைப் பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள். காரணம் பிடிபட நெடுங்காலம் ஆனது.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆங்கில ஆய்வாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். குதிரை மூத்திரத்திலுள்ள யூரியா சிதைந்து அமோனியா வாயு எழுகிறது. ஈரக் காற்றில் அது பித்தளையின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அமோனியா செம்பைக் கவ்வி ஆழ்நீலச் சேர்வையாக்கிக் கரைக்கக் கூடியது. அது மட்டுமென்றால் மேலோட்டமான அரிப்போடு நின்றிருக்கும். தகட்டை இழுத்துக் கிண்ணமாக்கியபோது உலோகத்துக்குள் பூட்டப்பட்ட இழுவிசை அங்கே காத்திருந்தது. உலோகம் பளிங்குத் துகள்களின் அடுக்கு. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான எல்லையை அமோனியா தின்னத் தின்ன, உள்ளிருக்கும் இழுவிசை அந்தக் கோட்டிலேயே பிளந்துகொண்டு போகிறது. விசை, அமோனியா, ஈரம் மூன்றும் கூடினால்தான் வெடிப்பு. ஒன்றை எடுத்துவிட்டாலும் நிற்கும். ஆலைகள் கோதுகளை அளவாகச் சூடாக்கி உள்விசையைத் தளர்த்தத் தொடங்கியதோடு அந்த நோய் பெரும்பாலும் அடங்கியது.

தோட்டத்து வீட்டில் இந்த மூன்றும் கூடுவது அபூர்வம் இல்லை. லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி. பக்கத்தில் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மூட்டையாகக் கிடக்கும் பசளை அறை. ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. சுட்ட கோதிலோ விரிந்து சுருங்கிய புது விசையும் சேர்ந்திருக்கிறது. போதாக்குறைக்குப் பித்தளை மினுக்கக் கடையில் வாங்கும் திரவங்கள் பலவற்றில் அமோனியாவே சேர்த்திருக்கும். பூசிய உடனே கோது கண்ணாடிபோல மின்னும். சில மாதம் கழித்து நகத்தால் வருடினால் தலைமயிர் அளவு கீறல் தட்டுப்படும். நன்றாக மினுக்கிய கோதுகளில்தான் கீறலைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது, கண்ணை நம்பிப் பழகிய நமக்குக் கொஞ்சம் உறுத்தலான பாடம்.

வட்டவளை மழையில் உலர்த்துவது

கழுவின கோது காயவேண்டும். ஹட்டன் பக்கத்தில் வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் துணி காய்வதே பெரும்பாடு. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அந்த நாட்களில் எல்லார் கண்ணும் அடுப்புக்கு மேலுள்ள பரணைத்தான் தேடும். கோதுக்கு அந்தப் பரண் ஆகாது. அடுப்பில் நேராக வாட்டுவது அதைவிட மோசம்.

காரணம் இப்படி. பித்தளையை அடித்து இழுக்கும்போது அது கடினமாகிறது. சூடாக்கினால் உள்ளிருக்கும் பளிங்குத் துகள்கள் புதிதாக வளர்ந்து மிருதுவாகிறது. கோதின் வாய்ப்பக்கம் மிருதுவாக இருக்கலாம். அடிப்பக்கம் கடினமாகவே இருக்க வேண்டும், வெடியின் முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். தணல்மேல் வாட்டிய கோது நிறமும் உருவமும் மாறாமல் அடியில் மட்டும் பலம் இழந்திருக்கலாம். பிளாஸ்டிக் என்றால் சொல்லவே வேண்டாம், உருகி நெளிந்துவிடும்.

உலர்த்தும் வித்தை நமக்குத் தேயிலை ஸ்டோரில் இருக்கிறது. பறித்த கொழுந்தை வாட்டும் மாடியில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுவார்கள். இலையிலிருந்து ஈரத்தை எடுப்பது நெருப்பைவிட ஓடும் காற்று. இலையின் மேல் தேங்கும் ஈரக் காற்றுப் படலத்தை அது கலைத்துக் கொண்டுபோகிறது. கோதுகளையும் அப்படியே வாயைக் கீழாக வைத்துக் கம்பி வலையில் அடுக்கி, காற்று ஓடும் இடத்தில் ஒரு நாள் விட்டால் போதும். அலசின கையோடு பழந்துணியால் ஒற்றி எடுத்தால் தண்ணீர்க் கறையும் விழாது. அம்மாயி விளக்கைத் துலக்கி முடித்துத் திருநீற்றைத் தூவித் துடைப்பார். அது பக்தி என்றுதான் அப்போது நினைத்தேன். நுண்ணிய அந்தப் பொடி, உலோக இடுக்குகளிலுள்ள கடைசி ஈரத்தை உறிஞ்சும். மீந்த அமிலத்தையும் தணிக்கும்.

கழுவின தண்ணீர் எங்கே போகிறது

இனிக் காரீயத்துக்கு வருவோம். தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொது. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவது வெள்ளீயம். புளிக்குழம்பு பித்தளையை அரித்துச் செம்பைக் கரைத்துவிடாமல் காப்பது அது. சன்னத்திலும் அடி மூடியிலும் இருப்பது காரீயம். ஒன்று காவல், ஒன்று நஞ்சு.

சுட்ட கோதில் உள்ள காரீயத் தூள் கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் அது காற்றில் எழுந்து மூச்சில் ஏறும். ஆகவே ஈரத்தில் கழுவுவதுதான் பாதுகாப்பு. ஆனால் ஈரத்தில் கழுவும்போது அது தண்ணீருக்குள் போகிறது. புளித்த தண்ணீர் என்றால் இன்னும் கூடுதலாகக் கரைகிறது. அமிலம் செம்பைக் கவ்வும் அதே கொடுக்கால் காரீயத்தையும் கவ்விக்கொள்ளும். கவ்வியதை விடாது என்பதால், சாம்பலைக் கொட்டித் தணித்துவிட்டாலும் எல்லாக் காரீயமும் அடியில் படிந்துவிடும் என்று நம்ப முடியாது.

லயத்தில் கழுவுவது எங்கே? பீலியில். அங்கேதான் குளிப்பு, துணி துவைப்பு, குடிதண்ணீர்க் குடம். வடியும் தண்ணீர் கான் வழியாக ஓடிக் கீழேயுள்ள மரக்கறிப் பாத்திக்குப் பாயும். கீரையும் கிழங்கும் அங்கேதான் விளைகின்றன. காரீயம் மண்ணில் இறங்கினால் எளிதில் அழியாது.

உடம்புக்குள் போனால் அது கல்சியம் வேடம் போட்டு எலும்பில் குடியேறிப் பல வருடம் தங்கும். இரத்தத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு இன்னும் கூடுதலாக உறிஞ்சும். கோதைத் தொட்ட கையோடு வெற்றிலை மடிக்கிறவருக்கும் அதே வழியில்தான் போகிறது.

இதனால் கோது கழுவுவதில் கண்டிப்பான பகுதி கழுவிய பிறகுதான் வருகிறது. சமையலுக்கு எடுக்கிற சட்டியை அதற்கு எடுக்கக்கூடாது. கையுறை வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. கழுவின தண்ணீரைப் பீலியிலோ கானிலோ ஊற்றாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் சேர்த்து, எழுதி ஒட்டி, நஞ்சுக் கழிவாகவே கருத வேண்டும். துடைத்த துணி அடுப்புக்குப் போகக்கூடாது. எரித்தால் காரீயம் புகையில் ஏறி வீட்டுக்குள்ளேயே படியும்.

இப்போது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மேசை லாச்சியில் அந்த இளஞ்சிவப்புக் கிண்ணம் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறது. பித்தளையிலிருந்து நாகம் கழன்று போவதைக் காட்ட அதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைத்ததில்லை. குப்பியைத் திறக்காமல் கைக்குக் கை கொடுக்கச் சொல்வேன். போன தவணையில் பின் வரிசைப் பையன் ஒருவன், "இத ஊதினா சத்தம் வருமா சேர்?" என்று கேட்டான்.

"வரும்" என்றேன். அலைநீளக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினேன். பிறகு பேனா மூடி ஒன்றை எடுத்து, உதட்டில் நிறுத்தி, அதை ஊதிக் காட்டினேன்.